சந்தும் தரவரிசையும்

1980-இல் கராச்சியின் ஒராங்கிப் பகுதியில் வாளிக் கக்கூஸ்தான் வழக்கம். சில வீடுகளில் சீக்கிரமே நிரம்பிவிடும் உறிஞ்சுகுழி இருந்தது. மிச்சக் கழிவுநீரெல்லாம் சந்தில் ஓடியது. வீட்டைக் கைக்காசு போட்டுக் கட்டிக்கொண்ட மக்கள், சாக்கடையை மட்டும் அரசு இலவசமாகப் போட்டுத் தரும் என்று காத்திருந்தார்கள். அங்கே போய் உட்கார்ந்தவர் அக்தர் ஹமீத் கான். வங்காளப் பஞ்சத்தைக் கண்ட பிறகு 1945-இல் ஐ.சி.எஸ். பதவியை உதறி, கிராமத்தில் பூட்டுத் தொழிலாளியாக வேலை பார்த்தவர். 1959 முதல் கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) கொமில்லாவில் உழவர் கூட்டுறவுகளை வளர்த்தவர்.

அதே பாகிஸ்தானின் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் வந்த வழி வேறு. கேம்பிரிட்ஜ், யேல், திட்டக் குழு, உலக வங்கி, நிதியமைச்சர் பதவி. வளர்ச்சி விகிதம் ஏறினால் மற்றதெல்லாம் பின்னால் வரும் என்று முதலில் நம்பிய அவரே, 1968-இல் பாகிஸ்தானின் தொழில் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு 22 குடும்பங்களின் கையில் இருப்பதாக மேடையில் போட்டு உடைத்தார். (இருவருக்கும் வேலை செய்ய இடம் கொடுத்தது தளபதிகளின் ஆட்சி என்பது சங்கடமான ஒற்றுமை.)

ஹக் 1990-இல் ஐ.நா. வழியாகக் கொண்டுவந்த மனித மேம்பாட்டுக் குறியீடு ஆயுள், எழுத்தறிவு, வருமானம் மூன்றையும் ஒரே எண்ணாக்கியது. இத்தனையையும் ஒற்றை எண்ணில் அடைப்பதா என்று அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பர் அமர்த்தியா சென் தயங்கினார். தேசிய வருமானம் என்ற முரட்டு எண்ணை வெல்ல இன்னொரு முரட்டு எண்தான் வேண்டும் என்பது ஹக்கின் வாதம். அவர் கணித்தது சரி. வருமானத்தில் பின்தங்கிய இலங்கை இந்தக் குறியீட்டின் தரவரிசையில் பல படி மேலே நின்றது. கீழே நின்ற நாடுகளின் அமைச்சர்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

கானின் முறையில் எண்ணுக்கு முன்னால் வருவது சந்து. 20, 30 வீடுகள் கூடி ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கும். பணத்தை அவரே வசூலிப்பார்; கானின் திட்ட அலுவலகம் அதைத் தொடாது. மட்டம் பார்த்து, வரைபடமும் மதிப்பீடும் போட்டுக் கொடுத்து, கருவிகளை இரவல் தருவதோடு அதன் வேலை முடிந்தது. மேன்ஹோலைச் சந்திலேயே வார்க்க இரும்பு அச்சு செய்தார்கள். காண்ட்ராக்டர் லாபமும் கமிஷனும் கழிந்ததும், ஒரு வீட்டின் பங்கு ஏழைக் குடும்பம் கட்டக்கூடிய தொகைக்கு இறங்கியது. கழிப்பறையும் சந்துக் குழாயும் மக்கள் பொறுப்பு, பெரிய கால்வாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்பது ஏற்பாடு. ஒரு லட்சத்தை நெருங்கும் வீடுகள் இப்படி இணைந்தன.

ஹக்கின் எண் உலகெங்கும் எளிதில் பரவியது. அதைப் பின்பற்ற யாரும் யாரையும் நம்பத் தேவையில்லை. புள்ளிவிவரம் கிடைத்தால் போதும். கானின் முறையோ பெயர்த்து நட்டால் வாடிவிடும். கொமில்லாவின் கூட்டுறவுகளை வங்கதேசம் நாடு முழுதும் விரித்தபோது பல இடங்களில் வசதியான விவசாயிகளே அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த நோயைக் கானே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தங்கள் தோல்வியை எழுதிவைக்கும் நிபுணர்கள் அபூர்வம். அதனாலேயே எனக்கு அவர்மீது கூடுதல் மதிப்பு.

ஹக் 1998-இலும் கான் 1999-இலும் காலமானார்கள். ஹக்கின் குறியீட்டில் அவருடைய நாடு இன்றும் கடைசிப் பிரிவில்தான் இருக்கிறது. கராச்சியின் கழிவுநீரில் பெரும்பகுதி சுத்திகரிக்கப்படாமலே அரபிக்கடலில் கலக்கிறது. மக்கள் தங்கள் பாதியைக் கட்டி முடித்துவிட்டார்கள். அரசின் பாதி பாக்கி.