டார்

டார் (பெ.): பல கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டும் யூனிக்ஸ் கட்டளை, அப்படிக் கட்டிய கோப்பு. 'டேப் ஆர்கைவ்' என்பதன் சுருக்கம். 1979-இல் பெல் ஆய்வகத்தின் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் வந்தது. அன்று காப்புப்படிகள் காந்த நாடாவில் இருந்தன. நாடா அரிதான பின்னும் பெயர் நிலைத்தது. கோப்பின் பெயர், தேதி, அனுமதி, அடைவு அமைப்பு எல்லாம் கட்டுக்குள்ளேயே இருப்பதால், பிரிக்கும்போது பழையபடி அமையும். டார் தானாக அளவைச் சுருக்காது, அதற்கு ஜிஜிப் போன்ற சுருக்கும் நிரல் வேண்டும். பலரும் குழம்பும் இடம் இது. கட்டளையோடு இடும் எழுத்துகளில் 'சி' (c) கட்டும், 'எக்ஸ்' (x) பிரிக்கும், 'டி' (t) உள்ளிருப்பதைப் பட்டியலிடும்.

எழுத்தாளர் தோப்பில் முகமது மீரான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நாவலில் எழுத்தில் ஏற்றிய தேங்காய்ப்பட்டணப் பேச்சை ஒலிக்கோப்புகளாகத் திரட்டி டாரில் கட்டுவோரே, மூலத்தை அழிக்குமுன் 'டி' போட்டுச் சரிபாருங்கள். ஒரு படியை வேறு ஊரில் வையுங்கள்.