கவிதை வரமா? வினையா?

கவிஞன் பாடவில்லை, அவன் நாவிலே தெய்வம் அமர்ந்து பாடுகிறது என்ற கதை நம் நாட்டுக்கு மட்டுமே உரியதன்று. கிரேக்கப் பேரறிஞர் பிளேட்டோவின் 'அயோன்' உரையாடலும் அதையே பேசிற்று. அந்த மயக்கத்தின்மீது 1846-இல் சம்மட்டி அடி விழுந்தது. அடித்தவர் அமெரிக்கக் கவிஞர் எட்கார் ஆலன் போ.

முந்திய ஆண்டு வெளிவந்த தமது 'அண்டங்காக்கை' கவிதை உருவான வகையை, 'ஆக்கத்தின் தத்துவம்' எனும் கட்டுரையில் அவர் விளக்கினார். ஒரே அமர்விலே படித்து முடித்திட வேண்டும்; ஆகவே ஏறத்தாழ 100 வரிகள். முடிந்தபோது 108. உணர்வு, சோகம். மீண்டும் மீண்டும் ஒலித்திட ஒரே சொல். பொருளறியாது அதனை ஒப்பிக்க ஒரு பறவை. முதலில் நினைத்தது கிளியை. சோகத்துக்கு ஏற்றது காக்கையே எனக் கண்டு மாற்றினார். முதன்முதல் எழுதியதோ, உச்சகட்டத்துக்குரிய பா! கணக்குப் போடுவதுபோல் படிப்படியாக நடந்த வேலை என்றார்.

எழுதிய பின் புனைந்த விளக்கம் இது என ஐயுறுவோர் உண்டு. ஐயம் நன்று, போ சொன்னார் என்பதற்காக நாமும் நம்பிவிட வேண்டுவதில்லை. ஆயினும், பூசையறை என்று பூட்டி வைத்திருந்ததைப் பட்டறை என்று திறந்து காட்டினாரே, அது போதும்! வரமெனில் கவிதை சிலருக்கே சொந்தம். வினையெனில் முயல்வோர் அனைவருக்கும் சொந்தம். அருளுக்குக் காத்திருப்பதை விடுத்து, அடித்தும் திருத்தியும் எழுதுவோம், தோழர்களே!