எழும்பூர் அருங்காட்சியக வழிகாட்டிகள்

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851இல் கல்லூரிச் சாலையில் தொடங்கி, 1854இல் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு மாறியது. 1855இல் இங்கே உயிரியல் பூங்காவும் அமைந்தது. மக்கள் பூங்காவை 'உயிர் காலேஜ்' என்றும், அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் அழைத்தனர். விளக்கிச் சொல்ல ஆளில்லாத காட்சிக்கூடத்துக்கு அது பொருத்தமான பெயர்தான்.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1911இல் வழிகாட்டி விரிவுரையாளரை நியமித்தது. விளக்கம் கேட்கக் கட்டணமில்லை. தமிழக அருங்காட்சியகத் துறையிலும் அப்பதவி உண்டு.

படப்பை மாணவர்கள் தாம்பரத்தில் மின்சார ரயிலேறினால், எழும்பூருக்கு முன் பல்லாவரத்தைக் கடப்பார்கள். அங்கேதான் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அவர் திரட்டிய கருவிகள் எழும்பூரில் உள்ளன. பெயர்ப்பலகையை மட்டும் படித்த பிள்ளைக்கு அவை வெறும் கற்கள். எந்த விளிம்பு வெட்டும், எந்தப் பக்கம் உள்ளங்கையில் அமரும் என்று வழிகாட்டி காட்டியதும், "பல்லாவரத்திலா சார்?" என்று கேட்பார்கள்.