அம்பிட்டிய மலைக் குருமடம் பிறந்த கதை

மட்டக்களப்பின் உன்னிச்சைப் பக்கத்துப் பையன் ஒருவன் தான் குருவானவராகப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால், அடுத்து நடக்கவேண்டியது என்னவென்று இன்று எல்லோருக்கும் தெரியும். பங்குத் தந்தை ஒரு கடிதம் கொடுப்பார். ஞானஸ்நானப் பத்திரம், உறுதிபூசுதல் பத்திரம், பரீட்சைப் பெறுபேறு, தாய் தகப்பனின் சம்மதம் எல்லாம் சேரும். முதலில் சிறிய குருமடம். பிறகு கண்டியை ஒட்டிய அம்பிட்டிய, இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறை. சைவர்கள் பெரும்பான்மையாக வாழும் படுவான்கரையில், குளத்தையும் வயலையும் மாட்டையும் நம்பிய குடும்பத்தில், இதை வாய்விட்டுச் சொல்லவே கொஞ்சம் துணிவு வேண்டும். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பு துணிவு மட்டும் போதாது. அப்படிச் சொல்லும் பையனை நம்புவதற்கு ஆள் வேண்டியிருந்தது.

குருக்களை உருவாக்க மறைமாவட்டந்தோறும் குருமடம் வேண்டும் என்று திரிதெந்து சங்கம் முடிவெடுத்தது 1563இல். ஆசியாவில் குருத்துவம் நெடுங்காலம் பெரும்பாலும் ஐரோப்பியரையே சுற்றி வந்தது. உள்ளூர் ஆட்கள் நல்ல விசுவாசிகள், உபதேசிகள், கோயில் மூப்பர்கள். பீடத்துக்கு மட்டும் அவர்கள் சரிவரமாட்டார்கள், நிலைத்து நிற்கமாட்டார்கள் என்ற எண்ணம் மிஷன் வீடுகளில் பரவலாக இருந்தது. இதற்கு எதிரான சாட்சி இலங்கையிலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்து குருக்களைத் துரத்திய பின், 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கிய யோசேப் வாஸ் ஐரோப்பியர் அல்லர், கோவாக்காரர். அழிய இருந்த திருச்சபையை அவரும் அவருக்குப் பின் வந்த கோவாக் குருக்களுமே காப்பாற்றினார்கள். அவர் கண்டியில் இறந்தது 1711இல். அந்த அனுபவத்தில் இருந்து பாடம் படிக்க மேலும் 182 ஆண்டுகள் எடுத்தன.

படித்தவர் பாப்பரசர் 13ஆம் லியோ. 1893 ஜூன் 24ஆம் தேதி அவர் எழுதிய மடல் ஒன்று, இந்திய நாடுகளுக்கு உள்ளூர்க் குருக்கள் ஏன் வேண்டும் என்று வாதாடுகிறது. அதில் பக்தி மொழியை விடக் கணக்கும் காரணமும்தான் அதிகம். வெளிநாட்டார் மக்களின் பேச்சையும் பழக்கவழக்கத்தையும் கற்க ஆண்டுகள் எடுக்கின்றன. கற்றாலும் அந்நியராகவே நிற்கிறார்கள். அவர்களின் எண்ணிக்கையும் போதாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாளைக்கு அரசியல் மாறி வெளிநாட்டார் வெளியேற நேர்ந்தால், மக்களுக்குப் பூசை வைப்பது யார்? உள்ளூர்க் குருக்கள் இல்லாமல் இந்த மண்ணில் விசுவாசம் வேரூன்றாது என்று சவேரியார் கருதியதையும் லியோ துணைக்கு அழைக்கிறார். இந்தியாவின் மீட்புப் பணிக்கு இந்தியாவின் பிள்ளைகளே என்பதுதான் இந்த மடலில் இருந்து பிறந்த குருமடத்தின் விருதுவாக்கானது.

அந்த எண்ணத்துக்குக் கல்லும் சுண்ணாம்பும் தேடியவர் அப்போஸ்தலிக்கப் பிரதிநிதி லாடிஸ்லாஸ் சலேஸ்கி. போலந்துப் பிரபு குடும்பத்தவர்; போகும் இடமெல்லாம் செடி கொடிகளை ஆராய்ந்து வரைந்து வைத்த தாவரவியல் பித்தர். அவர் இருந்த ஊர் கண்டி, குளிரும் இதமானது. 1893இலேயே அங்கே பாப்பரசர் குருமடம் தொடங்கியது. பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு சில்வேன் குரோஜான் முதல் அதிபர். இந்தியாவின் பல மறைமாவட்டங்களில் இருந்தும் இலங்கையில் இருந்தும் மாணவர்கள் வந்தார்கள். மலையாளம், தமிழ், கொங்கணி, சிங்களம் என்று ஆளுக்கொரு மொழி பேசியவர்கள் ஒன்றாக உட்கார்ந்து படித்தது லத்தீனில். உள்ளூர் மொழி தெரிந்த குரு வேண்டும் என்று பிறந்த இடத்தில் பாடமெல்லாம் ரோமாபுரியின் மொழியில்! 1926இல் பட்டம் வழங்கும் அதிகாரமும் கிடைத்தது. இந்தியாவின் முதல் கர்தினால் வலேரியன் கிரேசியஸ் இங்கே படித்தவர்தான்.

கிழக்கிலும் 1893 முக்கியமான ஆண்டு. மடல் வந்து இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 25இல், திருகோணமலை மறைமாவட்டம் பிறந்தது. மட்டக்களப்பு அதற்குள் அடங்கியது. 1895இல் இயேசு சபையினரின் கையில் ஒப்படைக்கப்பட்டது. முதலில் பிரெஞ்சுக்காரர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தார். அவர்கள் கட்டியதை எவரும் குறைத்துப் பேச முடியாது. புனித மிக்கேல் கல்லூரியின் பெயர் சொன்னால் மட்டக்களப்பில் இன்றும் தலைகள் நிமிரும். ஆனால் ஆயர் இருக்கையில் லவீன், ரொபிஷே, கிளெனி என்று வெளிநாட்டுப் பெயர்களே தொடர்ந்தன. 1974இல்தான் லியோ ராஜேந்திரம் அன்ரனி அங்கே அமர்ந்தார். தூத்துக்குடியில் திபூர்சியுஸ் ரோச் 1923இலும், யாழ்ப்பாணத்தில் எமிலியானுஸ்பிள்ளை 1950இலும் ஆயராகிவிட்டார்கள். கிழக்கு ஏன் இவ்வளவு பிந்தியது? ஏழைப் பிரதேசம், கத்தோலிக்கர் தொகை குறைவு என்பார்கள். அது பாதிக் காரணம். வெளியில் இருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தால், உள்ளே தேடவேண்டிய அவசரம் எவருக்கும் வருவதில்லை என்பது என் எண்ணம்.

தேடியவர்களுக்குக் கிடைத்தது. பூசைக்கும் பங்கு வேலைக்கும் மட்டுமல்ல, வாய்மூடி மௌனத்தில் வாழும் கடும் துறவுக்கும் தமிழ்ப் பையன்கள் வருவார்கள் என்பதை 1928இல் யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கிய தோமஸ் அடிகள் காட்டினார். அந்த மடத்து நெல்லிரசத்தைக் குடித்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

அரசியல் மாறலாம் என்று பாப்பரசர் லியோ சொன்ன கடைசிக் காரணம் பிற்பாடு வேறு விதத்தில் பலித்தது. இந்தியாவும் இலங்கையும் தனித்தனிச் சுதந்திர நாடுகளாகின. இந்திய மாணவர்கள் கண்டிக்கு வந்துபோவது சிக்கலானது. 1955இல் பாப்பரசர் குருமடம் பூனாவுக்குப் போய்விட்டது. அது விட்டுப்போன அம்பிட்டியக் கட்டடத்தில் இலங்கைக்கென்று தேசியக் குருமடம் அமைந்தது. 1960களின் தொடக்கத்தில் அரசு உதவி பெற்ற மிஷன் பள்ளிகளைக் கையேற்றது. இதை வழக்கமாகக் கல்வியின் கதையாகத்தான் சொல்வார்கள். தேவ அழைத்தலுக்கும் அது திருப்பம். அதுவரை குருக்கள் வகுப்பறையில் பையன்களைக் கண்ணால் அளந்து, இவன் வருவான் என்று பொறுக்கினார்கள். வகுப்பறை கைவிட்டுப் போன பின், அந்தக் கண் பங்குக் கோயிலில் வேண்டியதாயிற்று: பீடப்பணியாளரில், மறைக்கல்வி வகுப்பில், திருவிழாப் பந்தல் கட்டும் கூட்டத்தில். 6ஆம் பவுல் 1964 ஏப்ரலில் தேவ அழைத்தல் ஞாயிற்றைத் தொடங்கியதும், அழைத்தலை வளர்ப்பது முழுக் கிறிஸ்தவ சமூகத்தின் கடமை என்று 1965இல் வத்திக்கான் சங்கம் சொன்னதும் எமக்குச் சரியான நேரத்தில் வந்தவை. அறுவடைக்கு ஆள் கேட்டு மன்றாடச் சொன்ன சுவிசேஷம், வேளாண்மை வெட்டுக்கு ஆள் பிடிக்க அலைந்த படுவான்கரைக்கு விளங்காமல் போகுமா?

ஆனால் மறையுரையை விட மனிதரைப் பார்த்தே பையன்கள் முடிவெடுத்தார்கள் என்று நினைக்கிறேன். மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையில் இருந்து புறப்பட்ட அமெரிக்கக் குரு இயூஜின் ஹேபேட் திரும்பவே இல்லை. அந்த ஆண்டுகளில் குருமடத்துக்குப் போவது பாதுகாப்பான பிழைப்பைத் தேடுவதல்ல என்பது பிள்ளைக்கும் தெரியும், தாய்க்கும் தெரியும்.

2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாகி, யோசேப் பொன்னையா அதன் முதல் ஆயரானார். இப்போது ஒரு பையன் அபிஷேகத்துக்குத் தயாரானால், ஆயர் சடங்கிலேயே கேட்கிறார்: இவர் தகுதியானவர் என்று உமக்குத் தெரியுமா? கிறிஸ்தவ மக்களிடம் விசாரித்தோம் என்று பதில் வரவேண்டும். இந்தக் கேள்வியைச் சம்பிரதாயம் என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது சடங்கின் மிக நேர்மையான இடமாகப் படுகிறது. ஏனென்றால் வயலில் கூலிக்காரனோடு எப்படிப் பேசினான், ஆயித்தியமலைத் திருவிழாவில் நடந்து வந்த கிழவிக்குத் தண்ணீர் கொடுத்தானா, சீட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்தானா என்பது அம்பிட்டியப் பேராசிரியருக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியும். அதை ஊரிடம் உண்மையாகவே போய்க் கேட்டால், சில பையன்கள் வீட்டுக்குத் திரும்புவார்கள், எவரும் எதிர்பாராத சிலர் பெட்டி கட்டுவார்கள்.