வழுவைக் காண்பதும் வழுவை எழுதுவதும்

2015 பிப்ரவரியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா, ஃபேஸ்புக்கில் தமக்குரிய புகைப்படத் தொகுப்பு ஒன்றை ஏபிஐ வழியாக நீக்க முயன்றார். அந்தக் கோரிக்கையைத் தளம் மறுத்தது. அதையே ஆண்ட்ராய்டு செயலிக்கு உரிய டோக்கனுடன் அனுப்பியபோது தொகுப்பு நீங்கியது. அடுத்து, தொகுப்பின் எண்ணை மட்டும் மாற்றி, வேறொரு கணக்கின் எண்ணை இட்டார், அதுவும் நீங்கியது. கருவி எதுவும் இன்றி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் கைமுறைச் சோதனை இதுவே. அறிக்கை சென்ற இரண்டு மணி நேரத்திற்குள் வழு திருத்தப்பட்டது. அவருக்கு 12,500 டாலர் வழங்கப்பட்டது.

(தமிழ்க் கணிமையர் ‘வழு’ என்னும் சொல்லை இலக்கணத்திலிருந்து எடுத்தாண்டனர். அங்கே ‘வழுவமைதி’யும் உண்டு, மென்பொருள் நிறுவனங்கள் அதை வேறு பெயர்களில் தாராளமாகவே கையாள்கின்றன.)

வழு காண்போருக்குப் பரிசளிக்கும் வழக்கத்தை 1995-இல் நெட்ஸ்கேப் தொடங்கியது; ஃபேஸ்புக் 2011-இல் பின்பற்றியது. ஆனால் கண்டவர் அனைவரும் பரிசு பெற்றதில்லை. 2013-இல் பாலஸ்தீனரான கலீல் ஷ்ரேயதே, நண்பர் அல்லாதவர் பக்கத்திலும் பதிவிட இயல்வதைக் கண்டு தெரிவித்தார். அறிக்கையில் போதிய விவரம் இல்லை. ‘இது வழுவன்று’ என்று விடை வந்தது. உடனே அவர் மார்க் சக்கர்பெர்க்கின் பக்கத்திலேயே எழுதிக் காட்டினார். வழு மெய்யென ஏற்கப்பட்டது. விதிமீறல் என்று பரிசு மறுக்கப்பட்டது. நிறுவனமும் தன் பதிலில் குறை இருந்ததை ஒப்புக்கொண்டது.

முத்தையாவும் இதே இடரை 2019-இல் சந்தித்தார். இன்ஸ்டாகிராமில் கடவுச்சொல்லை மீட்க ஆறு இலக்க எண் வரும். மொத்தம் 10 லட்சம் வாய்ப்புகள், 10 நிமிட ஆயுள். 1,000 ஐபி முகவரிகளிலிருந்து அவர் அனுப்பிய 2 லட்சம் கோரிக்கைகள் தடுக்கப்படவில்லை. எனினும் முதல் அறிக்கையில் விவரம் போதாமையால் நிறுவனத்தால் அதை மீளச் செய்து பார்க்க இயலவில்லை. சில மின்னஞ்சல்களும் ஒரு செயல்விளக்கக் காணொளியும் சென்ற பின்னரே 30,000 டாலர் கிடைத்தது. வழுவைக் காண்பதைவிட, அதைப் பிறர் மீண்டும் காணுமாறு எழுதுவது கடினம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

பரிசுத் திட்டம் இல்லாத தளங்களில் நிலை வேறு. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 43, உரியவர் அனுமதியின்றிக் கணினியை அணுகுவோரை இழப்பீட்டுக்கு உள்ளாக்குகிறது; அங்கே நோக்கம் கேட்கப்படுவதில்லை. நேர்மையின்மையோ வஞ்சகமோ சேர்ந்தால்தான் பிரிவு 66-இன் மூன்றாண்டு வரையிலான சிறைத்தண்டனை. நல்லெண்ணத்தோடு ஓர் எண்ணை மாற்றிப் பார்க்கும் மாணவர் இரண்டாம் பிரிவிலிருந்து தப்பலாம். முதலாவதிலிருந்து அவரைக் காப்பது தளத்தார் முன்கூட்டியே எழுதித் தந்த அனுமதி ஒன்றே.