கை பேசும் மொழி

இரயில்வேயில் பணியாற்றும் நம்மனோர்க்குக் கைகாட்டியின் அருமை தெரியும். ஓசை சிறிதுமின்றிக் கார்டு காட்டும் பச்சைக்கொடி வண்டியை நகர்த்துகிறது, சிவப்புக்கொடி நிறுத்துகிறது. ஆயினும் 'நில்', 'செல்' போன்ற சில சொற்களே அதற்கு உண்டு. காது கேளாதோர் பேசும் சைகை மொழியையும் இத்தகைய வெறுஞ்சாடை என்றே நம்மிற் பலர் எண்ணி வந்தோம். அஃது எத்துணைப் பெரிய பிழை என்பதை அம்மொழியின் வரலாறு காட்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் தெ லெப்பே என்னும் பாதிரியார், காது கேளாத சிறுவர்க்கு இலவசப் பள்ளி ஒன்றை நிறுவினார். மாணவர்க்குக் கற்பிக்குமுன் அவர்தம் கைமொழியைத் தாம் கற்றதே அவர் பெருமை. அப்பள்ளியிற் பயின்ற லோரான் கிளர்க் காது கேளாதவர். அவர் தாமஸ் காலடெட்டுடன் அமெரிக்கா சென்று, 1817-இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் பள்ளி கண்டார். 1864-இல் வாஷிங்டனில் காது கேளாதோர்க்குக் கல்லூரிப் பட்டம் வழங்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார்.

இவ்வாறு செழித்த பயிர்மீது 1880-இல் இடி விழுந்தது. இத்தாலியின் மிலான் நகரிற் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்ப்பேச்சே உயர்ந்தது, சைகையை வகுப்பிலிருந்து விலக்குக எனத் தீர்மானித்தது. வந்திருந்த 164 பேரில் காது கேளாதவர் ஒருவரே! பல நாடுகளில் காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தனர். கையசைத்த சிறுவர் தண்டனை பெற்றனர். உதட்டைப் பார்த்துச் சொல்லை ஊகிப்பது எளிதோ? 'பாலை' என்றாலும் 'மாலை' என்றாலும் உதடு ஒன்றாகவே அசைகிறது. அவ்வூகத்திலேயே பாடவேளை கழிந்தது, பாடம் பின்தங்கியது.

நம் நாட்டில் 1885-இல் பம்பாயிலும், 1893-இல் கல்கத்தாவிலும் பள்ளிகள் எழுந்தன. பாளையங்கோட்டையில் அந்நூற்றாண்டின் இறுதியில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் அறப்பணி தொடங்கினார். பின்னாளில் பல பள்ளிகளின் வகுப்பறைகள் வாய்ப்பேச்சையே வற்புறுத்தின. ஆனால் விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும் சிறுவர் கைகள் ஓயவில்லை. மொழி அங்கே வாழ்ந்தது.

1960-இல் வில்லியம் ஸ்டோக்கி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் சைகைக்கும் முறையான அமைப்பு உண்டென நிறுவினார். 1970-களில் மதன் வசிஷ்டா முதலியோர் தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நகரங்களிற் செய்த ஆய்வு, சொற்கள் ஓரளவு வேறுபடினும் இலக்கணம் ஒன்றே எனக் கண்டது. 'உன் பெயர் என்ன?' என்பதில் 'என்ன' இறுதியில் வருவதுபோல், இந்தியச் சைகை மொழியிலும் வினாச்சொல் இறுதியிலேயே நிற்கும்.

2010-இல் வான்கூவர் மாநாடு மிலான் தீர்மானத்தைத் தள்ளி வருத்தம் தெரிவித்தது. தவற்றை ஒப்ப 130 ஆண்டுகள் சென்றன! நாம் வாழும் தில்லியில் 2015-இல் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் அமைந்தது. 2018-இல் 3,000 சொற்களோடு வெளிவந்த அதன் அகராதி, 2021-இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. ஆசிரியர் உரைப்பதை உடனுக்குடன் கைகளால் பெயர்த்துரைக்கும் மொழிபெயர்ப்பாளர்களும் அங்குப் பயிற்சி பெறுகின்றனர்.

நம் காலனியில் காது கேளாத சிறுவன் ஒருவன் உண்டு. "வீட்டில் கையசைக்காதீர்கள்; பேச்சு வராது" என்று ஒரு பள்ளியிற் சொல்லக் கேட்டு, அவன் தாயார் ஈராண்டு தம் கைகளைக் கட்டிக்கொண்டார்கள். சென்ற ஆண்டுவிழா நாடகத்தில் அவன் முன்வரிசையில் இருந்தான். எல்லோரும் சிரித்தபின் நம் முகங்களைப் பார்த்துவிட்டே அவனும் சிரித்தான். அச்சிரிப்பை நாம் மறக்க இயலவில்லை.

பிறந்த மண்ணை விட்டு வந்த நாம், பிள்ளைகள் தமிழை இழந்துவிடலாகாதென்றே ஞாயிறுதோறும் வகுப்பு நடத்துகிறோம். தாய்மொழியின் அருமையறிந்த நாமே ஒரு குழந்தைக்கு அதனை மறுக்கலாமோ? வருகின்ற விழா மேடையில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நிற்க, சங்கம் ஆவன செய்யவேண்டும். அன்று அச்சிறுவன் நம்மோடு ஒருங்கே சிரிக்கட்டும்!