சட்டமிட்ட பழைய அச்சுப்படங்கள்: செப்பமும் விற்பனையும்

நம் நாட்டு இல்லங்களில் கண்ணாடியும் மரச்சட்டமும் இட்டு மாட்டப்பெற்ற பழைய வண்ண அச்சுப்படங்கள் இன்று இருவகை மதிப்புப் பெற்றுள்ளன. ஒன்று, அவை கலைவரலாற்றுச் சான்று. மற்றொன்று, அவை விலைப்பண்டம். விலையை உயர்த்துதற்கென்று செய்யும் செப்பமே சான்றினை அழித்துவிடுதலும் உண்டு. இதனை இரவிவர்மா அச்சகப் படங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கிளிமானூரில் 1848-இல் பிறந்த இரவிவர்மா, தம் இளவல் இராஜராஜவர்மாவின் துணையோடு 1894-இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். அங்கு முதற்கண் வெளிவந்த படம் சகுந்தலையின் பிறப்பு என்பர். 1899-இல் அச்சுக்கூடம் லோனாவ்லாவை அடுத்த மளவலிக்கு மாற்றப்பட்டது. பின்னர் பிரிட்ஸ் ஷ்லைக்கர் என்னும் செருமானியர் கைக்குச் சென்றது. ஓவியர் 1906-இல் மறைந்த பின்னரும் அவர்தம் பெயரால் படங்கள் வந்துகொண்டேயிருந்தன. 1972-இல் அச்சகம் தீக்கிரையாயிற்று. எனவே, வீடுகளில் எஞ்சிய படங்களே அதன் வரலாற்றுக்குத் தலையாய சான்றுகளாயின.

தமிழகத்தில் இப்படங்கள் மிகுதியாக இடம்பெற்ற இல்லங்களுள் செட்டிநாட்டு மாளிகைகளும் அடங்கும். ஆங்குச் சில படங்களில் திருமகளுக்கும் கலைமகளுக்கும் சரிகையும் பட்டுத்துணியும் மின்னும் சமிக்கியும் தைத்து ஒட்டி, உடுத்தி அழகு பார்த்தனர். அச்சுக்கூடத்தில் ஒன்றுபோல் பிறந்த படங்கள் இவ்வாறு இல்லந்தோறும் வேறுபட்டன. பிற்காலத்தே மாளிகைகள் இடிக்கப்பட்டபோது, தூண், கதவு முதலியவற்றுடன் படங்களும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளை அடைந்தன.

இனிச் செப்பமுறையை நோக்குவோம். படத்தின் பின்புறம் அறையப்பெற்ற பலகையின் புளிமத்தால் தாள் பழுத்து நொறுங்குகிறது. கண்ணாடியை ஒட்டிய பரப்பில் ஈரம் தங்கிப் பூஞ்சை படர்கிறது. இராமபாணமும் கறையானும் எஞ்சியதை அரிக்கின்றன. இவற்றிற்குத் தக்க பரிகாரம் எளியது: மெல்லிய தூரிகையால் உலர்ந்த நிலையிலேயே தூசு நீக்குதல், கிழிசலைப் பின்புறத்தே சப்பானியத் தாளும் மாப்பசையும் கொண்டு இணைத்தல், கண்ணாடி தாளைத் தொடாதவாறு இடைவெளி விட்டுப் புளிமமற்ற அட்டையோடு பழைய சட்டத்திலேயே மீண்டும் பொருத்துதல். சரிகை உடுத்த படத்தை நீரில் நனைத்தால் துணியின் சாயம் ஓடிவிடும்.

விற்பனையை விரைவுபடுத்த விழைவோர் சிலர் வேறு வழி மேற்கொள்கின்றனர். கறைபட்ட ஓரத்தை வெட்டுகின்றனர். பழுதுற்ற துணியைப் பிய்த்தெறிகின்றனர். மங்கிய முகத்திற்குப் புதுவண்ணம் தீட்டுகின்றனர். ஓரத்தை வெட்டுங்கால் இழப்பது வெறுந்தாளன்று. படத்தின் பெயரும் அச்சகப் பெயரும் அடியோரத்திலேயே பொறிக்கப்பட்டன. பம்பாயின் பெயர் தாங்கிய படம் எது, கர்லா-லோனாவ்லா எனப் பொறித்தது எது என்று பிரித்தறிந்து காலநிரல் வகுத்தற்கு அவ்வரியே துணை. பின்பலகையில் ஒட்டிய சட்டக்கடைச் சீட்டோ, படம் எவ்வூரில் சட்டமிடப்பட்டது என்பதைக் காட்டும்.

போலிகளை விலக்குதற்கும் இச்சான்றுகள் வேண்டும். கல்லச்சில் வண்ணத்திற்கு ஒரு கல்லாக அடுத்தடுத்து அச்சிட்டனர். உருப்பெருக்கியால் நோக்கின், கையால் இட்ட புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறிக் காணப்படும். பிற்காலப் படியிலோ புள்ளிகள் அணிவகுத்து நிற்கும். பழஞ்சட்டத்துள் புதுப்படியை நுழைத்து விற்பாரும் உளராதலின், சட்டத்தின் பழமை படத்தின் பழமைக்குச் சான்றாகாது.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் பற்றிய சட்டம் நூறாண்டுக்குக் குறையாத கலைப்படைப்புகளைத் தொல்பொருளெனக் கொண்டு, தனியார் அவற்றை அயல்நாட்டிற்கு அனுப்புதலைத் தடுக்கிறது. ஆகவே படத்தின் காலத்தை அறிதல் ஆய்வாளர்க்கு மட்டுமன்றி விற்பார்க்கும் கொள்வார்க்கும் இன்றியமையாதது.

இதுகாறும் கூறியவற்றால், கறையோடு நிற்கும் முழுப்படம், பொலிவோடு நிற்கும் குறைப்படத்தினும் சிறந்தது என்பது பெறப்படும். சட்டம் கழற்றுமுன் முன்னும் பின்னும் நிழற்படம் எடுத்தலும், பொறிப்பைப் படியெடுத்தலும், வந்த ஊரைக் குறித்து விற்பனைச் சீட்டோடு இணைத்தலும் பெருஞ்செலவு வேண்டாதவை. வணிகர் இம்மூன்றையும் வழக்கமாகக் கொள்வராயின், கைமாறும் படந்தோறும் அதன் வரலாறும் உடன் செல்லும்.